84,000 ரூபாய்க் காது மிஷின்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2024-ஆம் ஆண்டு ஜனவரியில் வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு செவித்திறன் மையத்தில் நான் வாங்கிய இரண்டு காதொலிக் கருவிகளைப் பற்றிய மதிப்புரை இது. இரண்டுக்கும் சேர்த்து 84,000 ரூபாய் கொடுத்தேன். காதுமடலுக்குப் பின்னால் வளைந்து உட்காரும் வகை. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, என் காதின் உட்புறத்தை அளவெடுத்துச் செய்த அச்சில் வந்து முடிகிறது. 13-ஆம் எண் பேட்டரியில் ஓடுகிறது. காதொலிக் கருவி என்பது அரசு ஆவணங்களில் உள்ள பெயர். எங்கள் தெருவில் அது காது மிஷின்தான். இரண்டு ஆண்டாக என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழியும் அதுவே.

நிறுவனத்தின் பெயரையும் மையத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. கீழே சில குறைகளைச் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதே நிறுவனத்தின் இதே கருவியை வேறோர் இடத்தில் வாங்கிய என் தோழி, மூன்று மாதத்தில் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள் என்பது. அவளுடைய கேட்புக் குறைவும் என்னுடையதும் ஏறத்தாழ ஒன்றுதான். அவளுக்கு ஒரே நாளில் கருவியை மாட்டி அனுப்பினார்கள். என்னை ஆறு முறை வரவழைத்து, ஒவ்வொரு முறையும் கணினியில் இணைத்து ஒலியளவைத் திருத்தினார்கள். எனவே, வாங்க நினைப்பவர்கள் பெட்டியின்மேல் உள்ள பெயரை விசாரிக்கும் அளவுக்காவது, வாங்கிய பிறகு அந்த நாற்காலியில் எத்தனை முறை உட்கார வைப்பார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

என் காதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மதிப்பீடு விளங்கும். ஏழு வயதில் வந்த கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு எனக்குக் கேட்பு குறைந்தது. வலது காதில் சராசரி இழப்பு 62 டெசிபல், இடது காதில் 67. ஆனால் சராசரி என்ற ஒற்றை எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். வலது காதில் தாழ்ந்த சுருதியான 500 ஹெர்ட்ஸில் இழப்பு 45, 1,000-இல் 55, 2,000-இல் 68, உயர்ந்த சுருதியான 4,000-இல் 80 என்று என் கேட்பு வரைபடம் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. தாழ்ந்த சுருதியில் வரும் ஒலிகள் ஓரளவு கேட்கும். உயர்ந்த சுருதியில் வருபவை கேட்கா. மொழி என்று பார்த்தால், உயிரெழுத்துகள் காதில் விழும். ச, த, க, ப போன்ற மெய்கள் உதிர்ந்துவிடும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறார்களே, எங்கள் பக்கத்துச் சாவு ஊர்வலங்களில் ஊதுகிற சங்கு எனக்கு எப்போதுமே நன்றாகக் கேட்டிருக்கிறது. சங்கு ஊதுகிறவர் பக்கத்தில் நடப்பவரிடம் தணிந்த குரலில் சொல்வதுதான் கேட்டதில்லை.

காது விடுவதைக் கண் பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உதட்டசைவைப் படிப்பதில் எனக்கு இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பணமும் மனமும் உதட்டில் ஒன்றே. பல்லியும் மல்லியும் ஒன்றே. க, ங இரண்டும் தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் உதட்டுக்கு வருவதே இல்லை. கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது அந்த அரைகுறைத் துணையும் போயிற்று. அதன் வாரை மாட்டிக் கழற்றும்போதெல்லாம் அன்று நான் போட்டிருந்த பழைய கருவி தரையில் விழுந்துகொண்டிருந்தது தனிக் கதை.

வாங்கிய விதத்துக்கு வருகிறேன். முதலில் போன கடையில் பரிசோதனை இலவசம் என்று எழுதியிருந்தார்கள். திறந்த கூடத்தில், ஏசி இரைச்சலுக்கு நடுவே, ஹெட்போனை மாட்டிப் பத்து நிமிடத்தில் பரிசோதனையை முடித்து, இன்று மாலைக்குள் பணம் கட்டினால் நாற்பது சதவீதம் தள்ளுபடி என்றார்கள். புடவைக்கு ஆடித் தள்ளுபடி உண்டு, எங்கள் ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் நான் பார்க்காததில்லை. காதுக்குத் தள்ளுபடி போடுகிற இடத்தில் விலையே ஊதிவைத்த விலையாக இருக்கும் என்று தோன்றவே எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவதாகப் போன மையத்தில் ஒலிபுகாத அறை இருந்தது. ஒலியைக் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் அனுப்பித் தனித்தனியே சோதித்தார்கள். பிறகு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அறையை விட்டு வந்ததும் என்னைச் சோதித்த ஆடியோலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அம்மா கருவியைப் பற்றி எதுவும் சொல்லாமல், "எந்த இடத்துல கேக்கலன்னு உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். வேலை தேடுகிறேன், போனில் பேச முடியவில்லை, கேரம் ஆடுவேன் என்றேன். மூன்றையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அச்செடுப்பது விநோதமான அனுபவம். நூல் கட்டிய சிறு பஞ்சை முதலில் காதின் உள்ளே தள்ளி வைக்கிறார்கள். பிறகு ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் இளஞ்சிவப்புப் பசையைக் காது நிறைய நிரப்புகிறார்கள். அது குளிர்ந்துகொண்டே போய் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். அந்த ஐந்து நிமிடமும் தண்ணீருக்கடியில் இருப்பது போல, என் மூச்சு மட்டுமே எனக்குக் கேட்டது. இழுத்து எடுத்தபோது என் காதின் உட்புறம் ஒரு சின்ன நத்தை ஓடு போல அவர் உள்ளங்கையில் கிடந்தது.

சார்ஜ் செய்யும் வகையா, பேட்டரி வகையா என்ற கேள்வியில் நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. அதற்கு முந்தைய மாதம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, மின்சாரமும் இல்லை. எங்கள் பின்வீட்டுத் தாத்தாவுக்கு மகன் வாங்கித் தந்திருந்தது சார்ஜ் செய்யும் மிஷின். இரண்டாம் நாளே அது அடங்கிவிட்டது. படகு வருகிறது, பால் தருகிறார்கள் என்று வாசலில் நின்று கத்தியது அவருக்கு விளங்கவில்லை. கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நான் வாங்கும்போது சார்ஜ் வகைதான் புதியது, அழகானது, பேட்டரிச் செலவு இல்லாதது என்று மையத்தில் எடுத்துச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டிய ஆறு பேட்டரிகள் கொண்ட ஓர் அட்டை கைப்பையில் இருந்தால், எந்த வெள்ளத்திலும் எனக்கு ஒன்றரை மாதமாவது... இல்லை, இரண்டு காதுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று வாரமாவது காது இருக்கும். இவை காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு இயங்கும் துத்தநாகப் பேட்டரிகள். சீட்டை உரித்தவுடன் மூடிவிடாமல் ஒரு நிமிடம் காற்றில் விட்டுப் போட்டால் முழு வலுவோடு ஓடும். உரித்த சீட்டைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

முதல் நாள் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பேச்சு எதுவும் தெளியவில்லை, உலகம் முழுக்கச் சரசரத்தது. பிளாஸ்டிக் பை, என் வளையல், செருப்பு, பக்கத்து இருக்கைக்காரர் பிரித்த மிக்சர் பொட்டலம் என எல்லாம் ஒரே அளவில் மேலே வந்து விழுந்தன. அம்மா வீட்டில் தட்டைக் கழுவிக் கவிழ்த்த ஒலியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வலியால். இதற்குக் காரணம் உண்டு. நரம்பு சார்ந்த கேட்புக் குறைவில் மெல்லிய ஒலிதான் காணாமல் போகும். உரத்த ஒலி மற்றவர்களுக்கு எவ்வளவு உரக்கக் கேட்குமோ அவ்வளவு உரக்கவே நமக்கும் கேட்கும். அதனால்தான் எங்களிடம் சாதாரணமாகப் பேசினால் புரிவதில்லை, கத்தினால் வலிக்கிறது. "ஏன்மா கத்துற?" என்று என் பாட்டி கேட்டதற்கும் "என்னா சொன்ன, கேக்கல" என்று கேட்டதற்கும் நடுவில் ஒரு நொடிகூட இருந்ததில்லை. பாட்டிக்கு என்ன என்று இப்போது விளங்குகிறது. கருவி செய்ய வேண்டிய வேலை, மெல்லியதை நிறையத் தூக்கி, உரத்ததைக் கொஞ்சமாகத் தூக்குவது. எந்தச் சுருதியில் எவ்வளவு தூக்குவது என்பதை ஒருவர் உட்கார்ந்து எனக்கென்று அமைக்க வேண்டும். என் தோழிக்கு யாரும் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இரண்டாம் முறை போனபோது மெல்லிய நுண்குழாய் ஒன்றைக் கருவியோடு சேர்த்துக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்கு அருகில் உண்மையில் எவ்வளவு ஒலி வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். இந்த அளவீட்டைச் செய்கிற மையமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள் என்பேன். மூன்றாம் முறை ஒரு குறையைச் சொன்னேன்: சோதனைச் சொற்கள் எல்லாம் புத்தகத் தமிழில் இருக்கின்றன, அந்த அறையில் எனக்குப் பத்துக்கு எட்டு சரியாக வருகிறது, வீட்டுக்குப் போனால் பத்துக்கு நான்குதான் வருகிறது. எங்கள் வீட்டில் யாரும் 'அழைத்துக்கொண்டு வா' என்பதில்லை, 'இட்டுனு வா'தான். சொல்லின் பாதியை விழுங்கி மீதியை வேகமாகத் துப்புகிற பேச்சு அது. அவர் சிரித்துவிட்டு, அடுத்த முறை அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார். நான்காம் முறை அம்மா கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து, மீன் விலையையும் என் கல்யாணத்தையும் பற்றித் தன் இயல்பான வேகத்தில் பேசிக்கொண்டிருக்க, அவர் இந்தப் பக்கம் கணினியில் திருத்திக்கொண்டிருந்தார். 84,000 ரூபாயில் எனக்கு முழுதாகத் திரும்பி வந்தது அந்த நாற்பது நிமிடம்.

இனி வேலை. நான் பி.காம். முடித்தவள், டேலி தெரியும், ஜிஎஸ்டி தாக்கல் தெரியும். கருவி வாங்குவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்து, பதினொரு இடங்களில் முதல் படியிலேயே நின்றேன். அந்த முதல் படி போன். தன்விவரத்தை அனுப்பிய மறுநாள் யாரோ தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, பெயரைச் சொல்லாமல் கடகடவென்று கேட்பார்கள். நான் இரண்டு முறை "மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள்" என்றதும் துண்டித்துவிடுவார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள் என்று விண்ணப்பத்திலேயே எழுதிப் பார்த்தேன்; அதற்கும் போனில்தான் பதில் வந்தது. நேர்முகம் வரை போன இடம் ஒன்றில், பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனம், மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வெயில். மூன்று முகங்களும் எனக்கு நிழலாகத் தெரிந்தன, உதடு என்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் சொன்ன பதில் என்னவாக இருந்திருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

இந்தக் கருவியில் போன் குரல் நேராக இரண்டு காதுக்குள்ளும் வந்து விழுகிறது. போனைக் காதருகே கொண்டுபோக வேண்டியதில்லை. கொண்டுபோனால், கருவி தன் ஒலியையே திரும்ப வாங்கி விசில் போல எழுப்பும் கூவலும் இல்லை. என் மதிப்பீட்டில் இதுதான் இதன் தலைசிறந்த அம்சம். தெளிவான இணைப்பில் தொண்ணூறு சதவீதம் பிடித்துவிடுவேன். ஆனால் எல்லா போன்களிலும் இது இயங்காது. என் பழைய போனில் இயங்காததால் புதிய போனுக்குத் தனியாக 16,000 ரூபாய் ஆயிற்று. விற்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. உங்கள் போனைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இணைத்து, வெளியில் நிற்கும் ஒருவரை அழைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

கருவி செய்யாத வேலையைச் சட்டம் கொஞ்சம் செய்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவர் கேட்புக் குறைவுடையவர். 70 டெசிபல் இழப்புள்ளவர் காது கேளாதவர். நான் இந்தக் குறுகலான பத்து டெசிபலுக்குள் வருகிறேன். அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் எங்கள் இரு பிரிவினருக்கும் உரியது. 58 டெசிபல் உள்ள ஒருத்தி போனில் என்னைவிட அதிகமாக ஒன்றும் கேட்டுவிட மாட்டாள், ஆனால் அவளுக்கு இந்த வரையறைக்குள் இடமில்லை. தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு கட்டாயமில்லை என்றாலும், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் அந்தக் கொள்கையின் நகலைப் பணிவாகக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நகல் ஒரு முறைகூட வரவில்லை. ஆனால் அதன்பின் போன நேர்முகங்களில் என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

2024 ஜூலையில் தம்பு செட்டித் தெருவில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் ஏறினால் மண்ணடி. அடுத்த நிலையம் எது என்று பெட்டிக்குள் எழுத்தில் ஓடுவதால் அறிவிப்பைக் காதில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அலுவலகத்தில் ஆறு பேர். அமைதியான அறை, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாத வழக்கம், இந்த இரண்டும் இருந்தால் கருவி தன் விலைக்கு உழைக்கிறது. சிக்கல் எண்களில்தான். ஐம்பது, எழுபது, எண்பது எல்லாம் 'பது'வில் முடிகின்றன. முதலெழுத்து நழுவினால் கணக்கு நழுவிற்று. சேர்ந்த இரண்டாம் வாரத்தில் 50,000-ஐ 80,000 என்று பதிந்து, ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்க எங்கள் எல்லோரையும் இரவு எட்டு மணி வரை உட்கார வைத்தேன். மறுநாள் ஆடிட்டர் சார் ஒரு விதி போட்டார்: தொகையை யார் சொன்னாலும் இலக்கமாகச் சொல்ல வேண்டும், ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று. எனக்காகப் போட்ட விதி இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. போனில் வாடிக்கையாளர்களையும் அப்படியே சொல்ல வைக்கிறார்கள்.

கருவியைச் சோதிக்க எனக்குக் கிடைத்த கடினமான இடம் கேரம் பலகை. வடசென்னையில் கேரம் ஆடத் தெரியாத தெரு இருக்க முடியாது. எங்கள் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த பிறகு, எங்கள் பயிற்சி மன்றத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. நான் பத்து வயதிலிருந்து ஆடுகிறேன். இந்த ஆட்டத்தில் காது தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கருவியை மாட்டிக்கொண்டு முதல் முறை ஆடியபோது ஸ்ட்ரைக்கர் காய்க்குவியலை உடைத்த ஒலி துப்பாக்கி வெடித்தது போல மண்டைக்குள் இறங்க, கை உதறி அடுத்த அடி வீணானது. ஐந்தாம் முறை மையத்துக்குப் போனபோது ஒரு ஸ்ட்ரைக்கரையும் நான்கு காய்களையும் கைப்பையில் எடுத்துப்போய், அவர் மேசையிலேயே அடித்துக் காட்டினேன். திடீரென வெடிக்கும் ஒலியை மட்டும் அடக்குவதற்கென ஓர் அமைப்பு கருவியிலேயே இருந்திருக்கிறது. அதை உயர்த்தி, கேரமுக்கென்று தனி நிரலாக வைத்துக் கொடுத்தார். இப்போது பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அந்த நிரல் வருகிறது.

அதற்குப் பிறகு வேறொன்று தெரியவந்தது. காய் மெலிதாகத் தொடும்போது ஓர் ஒலி, நடுவில் படும்போது இன்னோர் ஒலி. பலகையில் பவுடர் குறைந்த இடத்தில் ஸ்ட்ரைக்கர் போகும்போது லேசான உரசல். சிவப்புக் காய் குழிக்குள் விழுந்து வலையில் சேரும்போது, மரத்தில் படாமல் விழுந்தால் 'தொப்' என்பது மட்டுமே கேட்கிறது. இருபது ஆண்டாகக் கண்ணால் ஆடியவளுக்கு இவை ஆட்டத்தில் எந்த விதத்திலும் உதவவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவர் சொல்வதுகூட இன்னும் பாதிதான் கேட்கிறது. கூடத்தில் எட்டுப் பலகைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது கருவியால் யார் குரலையும் பிரித்தெடுக்க முடிவதில்லை. ஆனால் அந்தத் 'தொப்'புக்காக நான் தனியே உட்கார்ந்து சிவப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்ட மாலைகள் உண்டு.

இசையில் கருவி தோற்றுவிடுகிறது. உறவினர் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தபோது, கருவி அதைத் தன் கூவல் என்று எண்ணிக்கொண்டு அடக்கப் பார்த்தது. சுரம் தண்ணீரில் விழுந்த நிழல் போல நெளிந்தது. கூவலை அடக்கும் அமைப்பு உள்ள கருவிகளில் இது நேர்வதுதான் என்றார்கள். இசைக்கென்று ஒரு நிரல் வைத்தும் நாதஸ்வரம் முழுக்கச் சரியாகவில்லை. தவில் நன்றாகக் கேட்கிறது. எங்கள் தெருக் கானாவும் அதன் சட்டித் தாளமும் அருமையாகக் கேட்கின்றன. பாட்டின் சொற்களை மட்டும் பக்கத்தில் இருக்கும் தம்பியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளில் முதலாவது வியர்வை. ஏப்ரல் முதல் ஜூன் வரை எங்கள் பகுதியில் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து வரும். காலை பத்து மணிக்குள் குழாயின் வளைவில் ஒரு நீர்த்துளி திரண்டுவிடும். கடுகளவுத் துளிதான், ஆனால் ஒலி மொத்தத்தையும் அடைத்துவிடும். கருவி பழுதாகிவிட்டது என்று முதல் கோடையில் இரண்டு முறை அலைந்த பிறகுதான், அச்சைக் கழற்றி ரப்பர் பலூன் போன்ற ஊதியால் ஒரு முறை ஊதினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரவில் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், வாணலியில் லேசாகச் சூடுகாட்டினால் மீண்டும் நீலமாகும். குழாய் ஆறு மாதத்தில் மஞ்சளித்து விறைத்துப் போகிறது. மாற்ற ஒரு காதுக்கு 250 ரூபாய் வாங்குகிறார்கள்.

இரைச்சலான இடங்களில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் குரலை மட்டும் முன்னிறுத்தும் இரட்டை மைக் இதில் உண்டு. தேநீர்க் கடையில் எதிரெதிரே நின்று பேச அது உதவும். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு எதுவும் உதவாது. ஷேர் ஆட்டோவில் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறேன். ஹெல்மெட்டுக்குள் கூவுகிறது. கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரே காதுமடலில் இரண்டு சுமை. எனக்கு வலது காதின் பின்புறம் ஒரு மாதம் புண்ணாக இருந்தது.

பெரிய மனக்குறை பழுதுபார்க்கும் சேவை. 2025 பிப்ரவரியில் இடது கருவி அடங்கிப்போனது. உத்தரவாதக் காலம் என்பதால் பணம் வாங்கவில்லை, ஆனால் நிறுவனத்துக்கு அனுப்பித் திரும்பி வர 19 நாட்கள் ஆயின. அதுவரை மாற்றுக் கருவி ஏதும் தரவில்லை. மார்ச் கணக்கு முடிப்பு நெருங்கும் நேரம். ஒரே காதோடு 19 நாட்கள் வேலை செய்தேன், பேசுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே தெரியாமல். மையத்தில் வருந்தினார்கள், நிறுவனத்தில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பழுதுபார்க்கும் நாட்களுக்கு மாற்றுக் கருவி தருவோம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். கணக்குப் பிள்ளையான நானே அதைக் கேட்காமல் விட்டேன்.

விலையைப் பொறுத்தவரை, காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி இல்லை. அதில் போடும் பேட்டரிக்கு உண்டு. எனக்கு ஆண்டுக்குப் பேட்டரிக்கு மட்டும் நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. 40 சதவீதத்துக்கு மேற்பட்ட சான்றிதழ் உள்ள நான், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவில், பழைய வரிமுறையின்கீழ், 75,000 ரூபாய் கழிவு எடுத்திருக்கிறேன். விலையைக் கேட்டு மலைப்பவர்கள் முதலில் அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காதுக்குப் பின்னால் அணியும் கருவியை அங்கே இலவசமாகத் தருகிறார்கள். பள்ளிக்காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் கருவி, சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டியும் அதிலிருந்து காதுக்கு ஓடும் ஒயருமாக இருந்தது. அதை வைத்துத்தான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன்.

வீட்டில், அமைதியான அலுவலகத்தில், போனில் என்றால் தயங்காமல் வாங்கலாம் என்பேன். கூட்டத்தில் கேட்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் இந்த விலைக்கு வேண்டாம். பதினாறு சானல், இருபது சானல் என்று, ஒலியைச் சுருதிவாரியாக எத்தனை பட்டையாகப் பிரிக்கும் என்ற எண்ணைக் காட்டி இன்னும் நாற்பதாயிரம் கூடச் சொன்னால், என் காதுக்கு அதில் என்ன வித்தியாசம் என்று இரண்டையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டினார்கள், வித்தியாசம் தெரியவில்லை, குறைந்த விலையையே எடுத்தேன்.

இரண்டு ஆண்டு உத்தரவாதம் கடந்த மாதம் முடிந்தது. இடது அச்சு சற்றுத் தளர்ந்து, சாப்பிடும்போது தாடை அசைந்தால் மெல்லிய கூவல் வருகிறது. எனக்குக் கேட்பதில்லை, அம்மாவுக்குக் கேட்கிறது. புதிய அச்சுக்கு 1,500 ரூபாய் என்றிருக்கிறார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது.